கேப்டன் பொண்டாட்டியாக உட்காரச் சொன்னார்கள்

செல்லூரில் எங்கள் சந்தில் தறி ஓடும்போது வாசலில் நின்று கத்தினாலும் உள்ளே கேட்காது. அன்று காலை கரண்ட் இல்லை. தறியெல்லாம் நின்று கிடந்தது. அதனால் என் கொழுந்தன் பைக்கை நிறுத்திவிட்டுச் சொன்னது எனக்கு மட்டும் இல்லை, சந்துக்கே கேட்டது.

"மதினி, அண்ணன் போயிட்டாரு."

நான் கைராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழலில் நூல் ஏற்றுவதைத் தார் சுற்றுவது என்போம். முப்பது வருசத்துக்கு மேலாக எனக்குச் சோறு போடுகிற வேலை. கையை நிறுத்தவில்லை.

"எந்த அண்ணன்?" என்றேன்.

"என்ன மதினி இப்பிடிக் கேக்குறீங்க? கேப்டன் அண்ணன்தான். விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகுமுன்ன முடிஞ்சுபோச்சு."

எதிர்வீட்டுக்காரி பல் விளக்கிக்கொண்டே வந்துவிட்டாள். "ஏக்கா, ஒங்க வீட்டுக்காரரு மிலிட்டரி கேப்டனா? இம்புட்டு நாளா ஒரு வார்த்த சொல்லலயே!"

அவள் பின்னாலேயே இன்னும் சிலர் வந்தார்கள். கேப்டனுக்கு மேலே மேஜரா, மேஜருக்கு மேலே கேப்டனா? செத்தால் துப்பாக்கியைத் தூக்கிச் சுடுவார்களாமே, டிவியில் காட்டுகிற மாதிரி? கொடி போர்த்துவார்களா? பென்ஷன் இனிமேல் யாருக்கு? மிலிட்டரி என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், சனங்களுக்கு இந்தக் கேள்வியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும். அந்த ஆளோடு குடித்தனம் பண்ணினவள் எப்படி இருந்தாள் என்று மட்டும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாது.

நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கம் எழுத ஒரு பொழுது போய்விடும். ஆனால் பட்டாளத்து ரேங்க் அம்புட்டும் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் என் வாழ்க்கை இப்படிப் போனது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கொழுந்தன் உள்ளே வந்து உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீங்க வந்து உட்காரணும் மதினி" என்றான்.

உட்காருவது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் ஆம்பளை செத்தால் பிணத்தின் தலைமாட்டில் பொண்டாட்டியைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். தலை நிறையப் பூ, கை நிறைய வளையல், நெற்றியில் பெரிய பொட்டு. தூக்குவதற்கு முன்னால் அம்புட்டையும் எடுத்துவிடுவார்கள். ஊர் பார்க்க எவள் தலைமாட்டில் உட்கார்ந்தாளோ அவள்தான் பொண்டாட்டி. அதற்கப்புறம் அதை யாரும் மாற்ற முடியாது.

"அங்க ஒருத்தி இருக்காள்ல. அவள உட்கார வையுங்க" என்றேன்.

"அவ எப்பிடி மதினி? தாலி கட்டாம வந்தவ. சங்கத்துல இருந்து பெரிய ஆளுகளெல்லாம் மாலை போட வாராங்க. எல்லாரும் பட்டாளத்துல இருந்து ரிட்டையரானவுக. கேப்டன் சம்சாரம் எங்கன்னு கேட்டா நாங்க யாரக் காட்டுறது?"

"மந்தையில வச்சுத் துரும்பு கிள்ளி அத்துவிட்டாச்சு. நீயும் பக்கத்துலதான் நின்ன. மறந்துபோச்சாக்கும்?"

எங்கள் வகையறாவில் அது ஒரு பழைய வழக்கம். கோர்ட்டு, வக்கீல் கிடையாது. ஊர் கூடுகிற மந்தையில் பெரிய மனுசர்கள் முன்னால் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் புருசன் பொண்டாட்டி என்பது அத்தோடு சரி. அவன் செத்தால் இவளுக்குத் தீட்டு இல்லை. எனக்கும் அந்த ஆளுக்கும் அப்படித்தான் ஆனது. துரும்பைக் கிள்ளினது அந்த ஆள். கிள்ளும்போதுகூட என்னைப் பார்க்கவில்லை, சுற்றி நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டு கிள்ளினான்.

"அது வெறும் துரும்பு மதினி. கவர்மெண்டுக்குத் தெரியுமா?"

"ஒனக்குத் தெரியும்ல. அது போதும்."

அவன் முனகிக்கொண்டே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் என் மகன் சிம்மக்கல்லில் இருந்து லோடு ஆட்டோவோடு வந்து நின்றான். அங்கே மொத்தக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறான். நாற்பது வயசு தாண்டிய ஆள், கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

"யம்மா, கெளம்பு."

"நீ போப்பா. நீ மகன், கொள்ளி வைக்கணும். நான் எதுக்கு?"

"எனக்காக வா. நம்ம மூணு பேரும் ஒரு எடத்துல இருந்தோம்னு ஒரே ஒரு தடவயாச்சும் இருக்கட்டும்."

அதற்கு மேல் என்ன சொல்வது. "வாரேன். ஓரமா நிப்பேன். உட்கார மாட்டேன்" என்றேன். அவன் ஆட்டோக் கதவைத் திறந்துவிட்டான். வந்தால் உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்திருப்பான்.

ஒத்தக்கடை தாண்டித் திருவாதவூர் போகணும், அதுதான் அந்த ஆளின் ஊர். அந்த ஆளைப் பற்றி நான் மகனிடம் ஒருநாளும் குறை சொல்லி வளர்த்ததில்லை. அது என் ராங்கி. புருசனைக் குறை சொல்லிப் பிள்ளையைத் தன் பக்கம் இழுத்தாள் என்ற பேரு எனக்கு வேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குறை சொல்லவும் எளிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆள் கை நீட்டுகிற ஆள் கிடையாது. அடித்திருந்தால் தழும்பைக் காட்டியிருப்பேன். வருசத்துக்கு ஒருமுறை ரெண்டு மாச லீவில் வருவான். வந்த மறுநாள் காலையில் வீட்டைச் சுற்றிப் பார்ப்பான். விரலால் பானை அடுக்குக்கு மேலே தடவி, விரலைப் பார்ப்பான். தூசி இருந்தால் திட்ட மாட்டான். பேச்சை நிறுத்திவிடுவான். ஒரு லீவு முழுக்க என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறான். அதே ஆள் ராத்திரி டீக்கடையில் சிரிக்கிற சிரிப்பு எங்கள் வீடு வரை கேட்கும். எனக்கு ரெண்டு காதும் உண்டே, நான் எப்படித் தூங்குவேன்?

எங்கப்பா செத்த அன்றைக்கு லீவில் வந்துகொண்டிருந்தான். நேராக எழவு வீட்டுக்கு வந்தான். ரயிலில் உட்கார இடம் இல்லாமல் நின்றுகொண்டே வந்ததை அங்கே சொல்ல ஆரம்பித்தான். நாக்பூரில் தண்ணி கிடைக்கவில்லையாம், விஜயவாடாவில் சாப்பாடு கெட்டுப்போய்விட்டதாம். சனமெல்லாம் அந்த ஆளைச் சுற்றி நின்று அய்யோ பாவம் என்றது. எங்கம்மா அழுகையை நிறுத்திவிட்டு மருமகனுக்குக் காபி போட எழுந்தாள். எங்கப்பா அந்தப் பக்கம் ஒத்தையாகக் கிடந்தார்.

எனக்குக் கடுதாசி போடுவான். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூட வராது, பக்கத்து வீட்டு வாத்தியார்தான் வாசித்துச் சொல்வார். தெருவே கேட்கும் என்று தெரிந்துதான் எழுதுவான். எல்லையில் பனியில் நின்றது, பெரிய ஆபீசர் தோளில் தட்டிக் கொடுத்தது. பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று நான் எழுதச் சொல்லி அனுப்பியதற்குப் பதில் வரவே வராது. வாத்தியார் வாசித்து முடித்துவிட்டு, "கொடுத்து வச்சவம்மா நீ" என்பார்.

ஊருக்கு அந்த ஆள் தங்கம். மிலிட்டரி கேண்டீன் ரம் பாட்டிலை லீவுக்கு லீவு கொண்டுவந்து இறக்குவான். குடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு லீவில் ஹவில்தார் என்றார்கள், அடுத்த லீவில் சுபேதார் என்றார்கள், ரிட்டையராகி வந்ததும் கேப்டன் என்றார்கள். பட்டாளம் கொடுக்காத பிரமோசனை எல்லாம் திருவாதவூர் கொடுத்தது. அந்த ஆளும் இல்லை என்று சொல்லவில்லை. லேசாகச் சிரிப்பான், அம்புட்டுத்தான்.

கலியாணமாகிச் சில வருசம் கழித்து, பிள்ளையோடு என்னை வடக்கே குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கேதான் எனக்குக் கண் திறந்தது. குழாயடியில் ஒரு திருநெல்வேலிக்காரி பழக்கமானாள். "ஒங்க வீட்டுக்காரருக்கு எத்தனை பட்டை?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சட்டைக் கையில் தைத்திருக்கிற பட்டையைச் சொல்கிறேன் என்று அவளே விளக்கினாள். பட்டை இல்லாதவன் சிப்பாய், ஒத்தைப் பட்டை லான்ஸ் நாயக், ரெண்டு பட்டை நாயக், மூணு பட்டை ஹவில்தார். அதற்கு மேலே சுபேதார் வகை, அவர்களைச் சாப் என்று கூப்பிடணும். கேப்டன், மேஜர் எல்லாம் வேறே படிப்பு படித்து வருகிற ஆபீசர்கள், அவர்கள் குடியிருப்பே அந்தப் பக்கம். சுபேதார் வேலை பார்த்து ஓய்வு பெறுகிற நேரத்தில் சில பேருக்குத்தான் கௌரவத்துக்குக் கேப்டன் பட்டம் கொடுப்பார்களாம்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவனின் கையைப் பார்த்தேன். ரெண்டு பட்டை. "நீங்க நாயக்கா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கவில்லை. புதுசாக ஒன்று தெரிந்துகொண்ட சந்தோசத்தில் கேட்டேன்.

அந்த ஆள் முகம் அப்போது போன போக்கை என்னால் எழுத முடியவில்லை.

அடுத்த வாரமே ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். ஊருக்கு வந்ததும் எல்லாரிடமும் ஒரே பேச்சு. "குளிர் ஒத்துக்கிடல. மூளை கலங்கிருச்சு. கண்டதையும் கேக்குறா, கண்டதையும் பேசுறா." நான் என்ன சொன்னாலும் அதற்கப்புறம் பைத்தியக்காரி பேச்சு. அழுதால் பைத்தியம். கோபப்பட்டால் முத்திப்போச்சு. ஒருமுறை மாமியாரிடம், "அவரு சுபேதார் இல்ல அத்தை, நாயக்" என்றேன். மாமியார் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் வேப்பிலை அடிக்கவைத்தாள். அந்த வருசம் லீவில் வந்தபோது மந்தையில் துரும்பைக் கிள்ளினான். பைத்தியத்தோடு பட்டாளத்துக்காரன் எப்படிக் குடித்தனம் பண்ணுவான் என்று பெரிய மனுசர்கள் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்லூர் வந்தேன், ராட்டை பிடித்தேன்.

இதெல்லாம் மகனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, திருவிழாவுக்குப் போனால் தோளில் கை போட்டு, "எம் மகன்" என்று ஊருக்குக் காட்டுகிற அப்பா. அரை மணி நேரம் காட்டுவான், அப்புறம் பிள்ளை சாப்பிட்டானா என்றுகூடக் கேட்க மாட்டான். பையன் வளர்ந்து பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் ஓடினான். நெஞ்சளவு பத்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா கர்னலிடம் பேசியிருக்கிறார், அடுத்த முறை நிச்சயம் என்று ரெண்டு வருசம் காத்திருந்தான். எந்தக் கர்னல், என்ன பேச்சு? நாயக் போய்க் கர்னலிடம் என்ன பேசுவான்? எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஊர் எல்லையிலேயே பேனர் வைத்திருந்தார்கள். மகன் ஆட்டோவை நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிட்டான். பார்த்தேன். முகம் அந்த ஆளுடையது. உடம்பு யாருடையதோ. தோளில் மூணு நட்சத்திரம், நெஞ்சு நிறையப் பதக்கம், இடுப்பில் வாள். மதுரையில் ஏதோ ஸ்டூடியோவில் தலையை மட்டும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கீழே பெரிய எழுத்தில் கேப்டன் என்று இருந்ததை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

வீட்டில் சனம் நிறைந்திருந்தது. நான் முன்பக்கம் போகாமல் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒருத்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எழவு வீட்டில் பாத்திரம் விளக்குகிறவள் யாராக இருக்கும்? அந்த ஆளோடு இருந்தவள்தான்.

"நீங்க வந்தது நல்லதாப்போச்சுக்கா" என்றாள். "என்னைய அந்தப் பக்கம் விடமாட்டேங்குறாக. மொகத்தக்கூடப் பாக்கல."

"எம்புட்டு வருசமா இருக்க?"

"இருபதுக்கு மேல இருக்கும்."

"பேசுவாரா?"

தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மனசு வச்சாப் பேசுவாரு. இல்லாட்டி மாசக்கணக்குல கெடயாது." மறுபடி சாம்பலைத் தொட்டுக்கொண்டு, "நான் அரைப் பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. அதான் இன்னைக்கு ஒருத்தரும் மதிக்கல" என்றாள்.

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது என்று எழுதினால் பொய். எரிச்சல்தான் வந்தது. எனக்குச் சூட்டின பேரையே துடைத்து இவளுக்கும் சூட்டியிருக்கிறான். புதுசாக ஒன்று யோசிக்கிற அளவுக்குக்கூட நாங்கள் அந்த ஆளுக்குப் பொருட்டு இல்லை.

அந்த நேரம் பார்த்து முன்பக்கம் சத்தம். சங்கத்து ஆட்கள் மலர்வளையத்தோடு வந்துவிட்டார்கள். பூக்கூடையும் வளையலும் வைத்துக்கொண்டு நாலு பொம்பளைகள் என்னைத் தேடி வந்து, கையைப் பிடித்து இழுக்காத குறையாக முன்பக்கம் கொண்டுபோனார்கள். தலைமாட்டில் பாய் விரித்திருந்தது. மகன் பாயைக் காட்டி, "உட்காரும்மா" என்றான். நான் நின்றேன்.

சங்கத்துப் பெரியவர் வெள்ளை மீசை வைத்தவர், நிமிர்ந்த ஆள். வாசலில் இருந்த இன்னொரு பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இந்தப் படம் போட்டது?"

"நாங்கதான் அய்யா" என்றான் கொழுந்தன், சிரித்துக்கொண்டு.

"ஆனரரி கேப்டனா?"

"ஆமாங்கய்யா, ஆனரரி, ஆனரரி."

"அப்ப சுபேதார்ல இருந்து வந்திருக்கணுமே. எந்த வருசம் சுபேதார் ஆனாரு?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். கூட்டத்தில் ஒரு ஆள், "அதெல்லாம் எதுக்குங்க? குண்டு எப்பப் போடுவீக?" என்றான்.

"ரிட்டையராகி வீட்டுல செத்தவருக்குக் குண்டெல்லாம் போட மாட்டாங்க தம்பி. கொடி போர்த்தவும் சட்டம் இருக்கு. நாங்க மாலை வச்சு ஒரு சல்யூட் அடிப்போம், அம்புட்டுத்தான். அதுவும் இன்ன ரேங்க்னு சொல்லித்தான் அடிக்கணும், பொய் சொல்லி அடிக்க முடியாது." அவர் திரும்பினார். "வீட்டம்மா யாரு?"

அம்புட்டுப் பேரும் என்னைக் கைகாட்டினார்கள். மகன் என் பக்கத்தில் வந்து நின்று, மெல்ல, "கேப்டன்னு சொல்லும்மா" என்றான். இருபது வயசில் பட்டாளத்துக்கு ஓடப் போனபோது இருந்த முகம் மாதிரி இருந்தது அவன் முகம்.

"யம்மா, ஒங்க வீட்டுக்காரர் என்ன ரேங்க்ல வெளிய வந்தாரு?" என்று பெரியவர் கேட்டார்.

ஒரு சொல்தான். சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். மகனுக்கு அப்பா கிடைத்திருப்பான். நான் கேப்டன் சம்சாரமாக வளையல் உடைத்து வீட்டுக்கு வந்திருப்பேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால், மூளை கலங்கித்தான் நான் நாயக் என்று உளறினேன் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி. எனக்கு இருந்தது அந்தப் புத்தி ஒன்றுதான். அதையும் பிணத்துக்கு வாய்க்கரிசியாகப் போடச் சொல்கிறார்கள்.

"அவரு என் வீட்டுக்காரர் இல்லீங்கய்யா. அத்துவிட்டு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. ரேங்க் கேட்டீங்க. நாயக். கையில ரெண்டு பட்டை. நான் கண்ணால பாத்தேன்."

"அடிப்பாவி" என்று ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பொணத்த வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சா இது?"

கொழுந்தன் பாய்ந்து வந்தான். "அது ஒரு மாதிரி அய்யா, அந்தக் காலத்துலயே—"

பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தம்மா சொல்றது சரி. எங்க சங்கத்துலயும் நாயக்னுதான் பதிஞ்சிருக்காரு. பேனரப் பாத்ததும் எனக்கே சந்தேகமாப் போச்சு, அதான் கேட்டேன். நாயக்னா என்னப்பா கொறச்சல்? பத்துப் பேர முன்னால நின்னு கூட்டிட்டுப் போறவன். அதுக்கே ஆயுசு முழுக்கக் கும்பிடலாம். எதுக்கு அடுத்தவன் உடம்பு?"

பேனரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். மலர்வளையம் வைத்து, நாயக் என்று ரேங்கைச் சொல்லி, எல்லாரும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே உடம்பு சிலிர்த்தது, அதை மறைக்க மாட்டேன். அந்த ரெண்டு பட்டை கேவலம் என்று பட்டாளம் நினைக்கவில்லை, ஊரும் நினைத்திருக்காது. நினைத்தவன் அந்த ஆள் ஒருத்தன். அதற்காக ரெண்டு பொம்பளைகளைப் பைத்தியமாக்கினான்.

சல்யூட் முடிந்ததும் நான் சுற்றிப் பார்த்தேன். அப்படியானால் இவள் அன்றைக்குச் சொன்னது உண்மைதானே, இவளுக்குப் புத்தி சரியாகத்தானே இருந்தது என்று ஒருத்தராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. துரும்பு கிள்ளும்போது நின்றவர்களில் சிலர் உயிரோடு அங்கேதான் நின்றார்கள். ஒருத்தர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நாயக்குக்கு என்ன பென்ஷன் வரும்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார்.

பூக்கூடைக்காரிகள் மறுபடி வந்தார்கள். "சரி சரி, பேசுனது போதும். உட்காரு, நேரமாகுது."

"கொல்லையில பாத்திரம் விளக்கிக்கிட்டு இருக்காளே, அவ தலையில வையுங்க."

"அவ தாலி கட்டுன பொண்டாட்டியா?"

"அவரு கேப்டனாக்கும்?" என்றேன்.

நானே கொல்லைக்குப் போய் அவளைக் கூட்டிவந்தேன். வரமாட்டேன் என்று பின்வாங்கினாள். கை ஈரமாக, சாம்பலாக இருந்தது. பாயில் உட்காரவைத்தேன். அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று செய்யவில்லை. அந்த இடம் காலியாக இருந்தால் என்னைப் பிடித்துத் தள்ளிவிடுவார்கள், அதனால் செய்தேன். அவள் அந்த ஆள் முகத்தைப் பார்த்து, "கேப்டனே" என்று வாய்விட்டு அழுதாள். முன்பக்கம் ரேங்க் பற்றிப் பேசினது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

தூக்குவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். மகன் தெருமுனை வரை வந்தான்.

"அப்பாவுக்காக இல்லம்மா. எனக்காக ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஒனக்காகத்தான் இம்புட்டு வருசம் சொல்லாம இருந்தேன்" என்றேன்.

அது அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. மொட்டை அடிக்க ஆள் கூப்பிட்டார்கள், போய்விட்டான். நான் டவுன் பஸ் பிடித்து வந்து, தலை முழுகாமல் அடுப்பைப் பற்றவைத்தேன். தீட்டு இல்லாதவள் எதற்கு முழுகணும்?

கருமாதிக்கு என்னைக் கூப்பிடவில்லை. மகன் அதற்கப்புறம் வீட்டுக்கு வருவதில்லை. மருமகள் போனில் பேசும்போது, அன்றைக்குப் பாயில் உட்கார்ந்தவளுக்கு மாசாமாசம் அரிசி வாங்கிக்கொண்டு போகிறார் என்றாள். அப்பாவைக் கடைசிவரை மரியாதையாகப் பேசினது அவள்தான் என்கிறானாம். செய்யட்டும். அரிசி யார் கொடுத்தாலும் வயிறு நிறையும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் சங்கடம். அவன் மதியச் சாப்பாட்டுக்கு வருவான் என்று மீன் வாங்குவேன். ஒத்தை ஆளுக்கு அம்புட்டு மீன் எதற்கு? இப்போதெல்லாம் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைக்கிறேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏக்கா, மகன் வரலயா?" என்று கேட்கிறாள். "வரல" என்கிறேன். ஏன் என்று கேட்கிறாள். குழம்பைக் கிண்டிக்கொண்டு இருந்துவிடுகிறேன்.